புதுப்பிப்பு: படுக்கிற அறை ஃபேன் சத்தம் அடங்கீட்டுது

முந்திப் போட்ட பதிவில, ஃபேனைக் குறைச்சு 1-ல விட்டாலும் வேகமாச் சுத்துது, ராவில ம்ம்ம் எண்டு உறுமுது, டக் டக் எண்டும் அடிக்குது எண்டு கேட்டிருந்தன் எல்லோ, அதுக்கு வழி கிடைச்சிட்டுது. திருகோணமலை உவர்மலையில இருந்து கறண்ட் வேலை செய்யிற அண்ணை ஒராள் வந்து பாத்தவர். உறுமல் ஃபேன்ர பிழை இல்லையாம், சுவரில இருக்கிற, வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுற றெகுலேற்றர் கறண்டை அலைக்கு அலை வெட்டி விடுறதால மோட்டர் அதிருதாம். அதைக் கழட்டிப்போட்டு கப்பாசிற்றர் (கறண்டைச் சேத்து விடுற சின்னப் பாகம்) வச்ச ஸ்டெப் றெகுலேற்றர், அதாவது படிப்படியா வேகம் மாத்திற ஒண்டு போட்டம், அது அலையை வெட்டாம வோல்டேஜை மட்டும் குறைக்கும், உறுமலும் போச்சு, 1-ல விட்டா இப்ப உண்மையிலயே மெல்லமாச் சுத்துது.

டக் டக் வேற கதை. ஃபேன்ர ஒரு இலை தாழ்ந்து கிடந்தது, கடல் காத்துக்குக் கறள் பிடிச்ச ஸ்குரூவும் லூஸ். ஒவ்வொரு இலை நுனியில இருந்தும் சீலிங்குக்கு டேப் பிடிச்சு அளந்து சரிப்படுத்தினது. (மெயின் சுவிட்சை நிப்பாட்டாம ஏறாதேங்கோ.)

முந்தின பதிவில பெயரிங் (மோட்டருக்குள்ள சுத்த விடுற குண்டு வளையம்) மாத்தச் சொன்னாக்கள் கோவிக்காதேங்கோ, கையால சுத்தேக்க கரகரப்பே இல்ல, அதால விட்டாச்சு. கச்சான் காத்து (தென்மேற்கில இருந்து வாற சூட்டுக் காத்து) அடிக்கிற காலத்தில 5-ல விட்டா காத்துச் சத்தம் இருக்கத்தான் செய்யும்.