தனிக்கூண்டும் கொழுப்புத் தீனியும்: மூளை அழற்சிக்கு எது காரணம்?

கேள்வி:
ஆண் சுண்டெலிகளுக்கு (சி57பிஎல்/6 என்ற ஆய்வக வகை) 12 வாரம் 60 சதவீதக் கலோரி கொழுப்பிலிருந்து வரும் தீனி, அதாவது டி12492, கொடுத்து ஹைப்போதலாமஸில் (பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி) மைக்ரோக்ளியாவை, அதாவது மூளையின் நோயெதிர்ப்பு செல்களை, பார்க்கப் போகிறோம். எது எவ்வளவு தின்றது என்று அளக்க, கூண்டுக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கலாமா? கன்ட்ரோலுக்கு (ஒப்பிடும் குழுவுக்கு) வழக்கமான தீனி போதுமா?

பதில் 1:
பிரிக்காதீர்கள். சுண்டெலி கூட்டமாக வாழ்வது. அதைத் தனியே போடுவதே ஒரு ஸ்ட்ரெஸ். இரண்டு குழுவையும் தனியே வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அப்போது கிடைப்பது தனிமையில் இருக்கும் எலியில் கொழுப்பு என்ன செய்கிறது என்ற விடை மட்டுமே. தனிமையின் பங்கும் தெரிய வேண்டுமானால் நான்கு குழு வையுங்கள்: இரண்டு தீனி, ஒவ்வொன்றிலும் தனி, கூட்டம்.

22 டிகிரி அறையில் இன்னொரு சிக்கல். ஒட்டிப் படுக்கத் துணையில்லாத எலி, உடல் சூட்டுக்காகவே கூடுதலாகத் தின்னும். எல்லாக் கூண்டிலும் 8 முதல் 10 கிராம் கூடு கட்டும் பொருள் போடுங்கள்.

தீனியைக் கூண்டுவாரியாக எடை போடுங்கள். கொழுப்புத் தீனி உதிரும். படுக்கையில் சிந்தியதைப் பொறுக்கிக் கழிக்காவிட்டால் தின்ற அளவு கூடுதலாகத் தெரியும். 3, 4 நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் காறிப்போகும். ஒரு கூண்டு எலிகள் எல்லாம் சேர்ந்து ஒரே கணக்குதான். நான்கு எலி இருந்தாலும் நான்கு சாம்பிள் ஆகாது.

பதில் 2:
வழக்கமான தீனி வேண்டவே வேண்டாம். அதில் கரையும் நார்ச்சத்தும் சோயாவும் உண்டு. டி12492-இல் உள்ள நார் செல்லுலோஸ் மட்டும். நார் வேறுபட்டதால் குடல் நுண்ணுயிர் மாறியதைக் கொழுப்பின் தலையில் கட்டிவிடுவீர்கள். கொழுப்பு குறைந்த, டி12492-உடன் சர்க்கரை பொருந்தும் டி12450ஜே வாங்குங்கள். பெயரில் ஒற்றை எழுத்து மாறி டி12450பி வந்தால் சர்க்கரை 35 சதவீதக் கலோரி.

பதில் 3:
ஆண்களை வளர்ந்தபின் சேர்த்தால் கடித்துக்கொள்ளும். காயத்தாலேயே ரத்தத்தில் சைட்டோகைன் (அழற்சியைத் தூண்டும் புரதம்) ஏறும். பால் மறந்த நாளிலிருந்தே உடன்பிறந்தவற்றை ஒன்றாக வையுங்கள். காயம்பட்டதை நீக்கும் விதியை முன்பே எழுதிவிடுங்கள்.

12 வாரம் மட்டும் பார்ப்பது போதாது. கொழுப்புத் தீனி தொடங்கி, எடை கூடுமுன், 1 முதல் 3 நாளுக்குள்ளேயே ஹைப்போதலாமஸில் அழற்சிக் குறிகள் தோன்றுவதை 2012-இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் இன்வெஸ்டிகேஷன் கட்டுரை காட்டியது. பிறகு தணிந்து மீண்டும் எழும். 3-ஆம் நாளையும் சேருங்கள்.

மூளை எடுக்குமுன் குளிர்ந்த சலைனால் ரத்தத்தைக் கழுவுங்கள். செல் பிரிப்பதையும் ஐஸிலேயே செய்யுங்கள். 37 டிகிரி என்சைமில் வைத்தால் அந்த வேலையே மைக்ரோக்ளியாவைக் கிளப்பிவிடும். மைக்ரோக்ளியாவை அடையாளம் காட்டும் ஐபா1 புரதத்துக்கு மட்டும் சாயம் போட்டால் போதாது, ரத்தவழி வரும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்லிலும் அது ஏறும். கூடவே மைக்ரோக்ளியாவைப் பிரித்துக் காட்டும் டிமெம்119 புரதத்துக்கும் சாயம் போடுங்கள்.