மருத்துவமனையில் மருத்துவர் அல்லாத அறிவியல் பணிகள்: மகளுக்கு எது பொருந்தும்?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து ஒரு தந்தை

என் மகள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை, மறுபடி நீட் எழுதவும் அவளுக்கு விருப்பமில்லை. அவளுடைய அப்பத்தாவை டயாலிசிஸுக்காக மதுரைக்கு அழைத்துப் போய் வந்த நாட்களில், இயந்திரத்தை இயக்கியவரிடம் ஓயாமல் கேள்வி கேட்டவள், இப்போது மருத்துவமனையில் அறிவியல் சார்ந்த வேலைதான் வேண்டும் என்கிறாள். எங்கள் உறவில் வணிகமும் வங்கியும் தெரிந்தவர்களே மிகுதி. லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர் ஆகிய இரண்டுக்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அப்பணிகளில் இருப்பவர்கள் அன்றாட வேலை எப்படிப்பட்டது என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: குன்றக்குடிக்காரர், மருத்துவ ஆய்வகப் பணி

வணக்கம் ஐயா. ஆய்வகத்துக்குள்ளேயே உயிர்வேதியியல், இரத்தவியல், நுண்ணுயிரியல், திசுவியல், இரத்த வங்கி எனப் பல பிரிவுகள் உண்டு. பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படிப்பவர் எல்லாவற்றிலும் பயின்று, பிறகு ஒன்றில் ஆழ்ந்து தேர்ச்சி பெறலாம். மாதிரியை வைத்தால் இயந்திரம் எண்ணைத் தந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்று முடிவு செய்வதுதான் எங்கள் தொழில். ஊதா மூடிக் குழாயில், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. என்பது பொட்டாசிய உப்பு. அந்தக் குழாயின் இரத்தம் சிறிதளவு வேறு குழாயில் கலந்துவிட்டாலும், பொட்டாசியம் பொய்யாக உயர்ந்தும் கால்சியம் பொய்யாகக் குறைந்தும் காட்டும். இவ்விரண்டும் சேர்ந்து வரும்போது ஐயுற்று, மறுமாதிரி கேட்பவர் அங்கே இல்லாவிட்டால், நோயாளிக்கு இல்லாத கோளாறுக்குச் சிகிச்சை தொடங்கிவிடும்.

இரத்த வங்கியில் பொறுப்பு இன்னும் கூடுதல். 1952ஆம் ஆண்டு மும்பையிலிருந்து அறிவிக்கப்பட்ட பம்பாய் வகை இரத்தம், சிவப்பணுக்களை மட்டும் சோதித்தால் ஓ வகையாகவே தெரியும். நோயாளியின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஓ வகை அணுக்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவை திரள்வதைக் கொண்டு உண்மை வெளிப்படும். அவருக்குச் சாதாரண ஓ இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோடியம், பொட்டாசியம் அளக்கும் எங்கள் கருவியும், வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் மின்வேதியியலால் இயங்குபவை. அந்த அறிவியலுக்கான மத்திய ஆய்வு நிறுவனம் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது.

பதில்: பள்ளத்தூர், மருத்துவ இயற்பியலாளர்

இயற்பியலில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு எங்கள் துறையை மனமாரப் பரிந்துரைப்பேன். புற்றுநோய்க்கான கதிர்வீச்சு எவ்வளவு என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறார். அந்த அளவு கட்டியைச் சென்றடையவும், அருகிலுள்ள தண்டுவடம் போன்ற உறுப்புகள் தாங்கும் எல்லையைத் தாண்டாமல் இருக்கவும் கணக்கிட்டுத் திட்டம் வகுப்பதும், முதல் நோயாளி வருவதற்கு முன் கதிர்வீச்சைத் தரும் கருவியான லீனியர் ஆக்சிலரேட்டரின் வெளியீட்டைச் சரிபார்ப்பதும் எங்கள் கடமை. பாதை நீண்டது: பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல், அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பட்டயம். அதன்பின் மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சி.

பெண் பிள்ளைக்குக் கதிர்வீச்சு ஆகுமா என்று வீட்டுப் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நாங்கள் உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் பட்டையை அணிகிறோம். சிகிச்சை நடக்கும்போது கனத்த கான்கிரீட் சுவருக்கு வெளியே இருக்கிறோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு). எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. கருவுற்ற பணியாளருக்குத் தனி வரம்பும் உண்டு. ஆகவே அச்சத்தால் தடுத்துவிடாதீர்கள்.

பதில்: கானாடுகாத்தான், கேட்பியல்

மனிதர்களோடு நெடுநாள் பழகும் வேலை வேண்டுமென்றால் செவித்திறன் குறையைக் கண்டறிந்து உதவும் கேட்பியலும், பேச்சுக் குறைகளைக் களைய உதவும் பேச்சு மொழியியலும் பொருந்தும். பிறந்த குழந்தையின் செவித்திறனை ஒரு மாதத்துக்குள் சோதித்து, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்கினால் அக்குழந்தை பேசக் கற்பதற்கு வழி பிறக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெறுவது அவசியம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மகள் டயாலிசிஸ் தொழில்நுட்பத்தையே நாடுகிறாள். ஓராண்டுச் சான்றிதழ் படித்தால் உடனே வேலை என்று ஒரு தனியார் பயிற்சி நிலையம் சொல்கிறது, சேர்க்கலாமா?

பதில்: குன்றக்குடிக்காரர்

சேர்க்க வேண்டாம் ஐயா. 2021ஆம் ஆண்டின் இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் பட்டயத்துக்கே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கேட்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் அதற்குள் அடங்காது. நான்கு மணி நேர டயாலிசிஸில் ஏறக்குறைய 120 லிட்டர் திரவம் மெல்லிய சவ்வின் மறுபக்கத்தில் இரத்தத்தையொட்டிப் பாய்கிறது. அதற்கான நீரில், கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரமின் எஞ்சியிருந்தால் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும் என்பதால், நீரைச் சோதிப்பது முதல் நோயாளியின் இரத்த அழுத்தத்தைக் கவனிப்பது வரை முறையாகப் பயின்றவரே செய்ய வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்ற கல்லூரியில், மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்ட பி.எஸ்சி.யையே நாடுங்கள். மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் விளக்கக் குறிப்பேட்டில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு உள்ளது என்பதைப் பார்த்து, சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் இப்போதே எடுத்து வையுங்கள்.