நீலகண்ட சிவன் பாடல்கள்: எதிலிருந்து கேட்பது, எப்படிப் பாடப் பழகுவது?

கோட்டாறு_57

வணக்கம். "என்றைக்கு சிவகிருபை" பாட்டை 57 வயதில் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதிலிருந்து வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. எழுதிய நீலகண்ட சிவன் நம்ம நாகர்கோவில் வடிவீசுவரத்துக்காரர் என்பதும் இப்போதுதான் தெரியும். தெரிந்தவர்கள் மூன்று விஷயம் சொல்லுங்க. இவர் பாட்டை எந்த வரிசையில் கேட்கலாம்? யூடியூபில் தேடினால் பாபநாசம் சிவன் பாட்டுதான் அதிகம் வருது. அடுத்தது, பழைய இசைத்தட்டில் மூன்று நிமிஷத்தில் முடியும் பாட்டு கச்சேரியில் அரைமணி நேரம் போகுதே, இரண்டும் ஒரே பாட்டுதானா? கடைசியாக, சங்கீதம் படிக்காத ஆள் இந்த வயசில் ஒரு பாட்டாவது சுருதி சேர்ந்து பாட முடியுமா? முடியும் என்றால் முதலில் இந்த முகாரி ராகப் பாட்டையே பிடிக்கலாமா?

தக்கலை_திண்ணை

அண்ணாச்சி, முதல் கேள்விக்கு நான் சொல்றேன்.

நீலகண்ட சிவன் 1839-இல் வடிவீசுவரத்தில் பிறந்து 1900-இல் மறைந்தவர். பெற்றோர் வைத்த பெயர் சுப்பிரமணியன். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி மேல் கொண்ட பக்தியால் வந்த பெயர்தான் நீலகண்ட சிவன். சிவராத்திரிக்குப் பக்தர்கள் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடிப்போகும் சிவாலய ஓட்டத்தில் ஏழாவதாக வருகிற கல்குளம் கோயில் அது. பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கோயிலுக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறார்கள். பாட்டைக் கேட்ட பிறகு ஒருநாள் போய் அந்தச் சந்நிதி முன்னால் நில்லுங்க.

பாபநாசம் சிவன் (1890–1973) வேறு ஆள், அடுத்த தலைமுறை. சிறு வயதைத் திருவனந்தபுரத்தில் கழித்தவர், நீலகண்ட சிவனின் பஜனைப் பாட்டில் மனசைப் பறிகொடுத்தவர். பெயரும் பாணியும் ஒட்டி வருவதால் வலையேற்றுகிறவர்கள் ஒருவர் பாட்டை மற்றவர் பெயரில் போட்டுவிடுகிறார்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி சரணத்தில், அதாவது பாட்டின் கடைசிப் பகுதியில் வரும் முத்திரை, எழுதியவர் தன் அடையாளமாக வைக்கும் சொல். "நீலகண்ட" என்று வந்தால் நம்மவர், "ராமதாசன்" என்று வந்தால் பாபநாசம் சிவன். தில்லையைப் பாடும் பாட்டென்றால் கோபாலகிருஷ்ண பாரதியோடும் குழப்புவார்கள். அவருடைய முத்திரை "கோபாலகிருஷ்ணன்". பல பதிவுகளில் பாடகர்கள் ஒரு சரணத்தோடு நிறுத்திவிடுவதால் முத்திரை வராமலே போய்விடும். தலைப்பை மட்டும் நம்பாமல் சாகித்தியம் (பாட்டின் வரிகள்) முழுசாக அச்சான புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்க. தேடும்போதும் "சிவன்" என்று போடாமல் பாட்டின் முதல் இரண்டு சொல்லையும் ராகத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்க.

கேட்கும் வரிசை: உங்களைப் பிடித்து இழுத்தது முகாரி, அதனால் அதிலேயே இன்னும் ஒரு வாரம் இருங்க. கன்றின் குரல் கேட்டு உருகி வரும் பசுவைப் போல நீ வா என்று கேட்கிற இடத்தைப் பாடகர் எப்படி எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்க. ஒரே பாட்டை மூன்று பேர் குரலில் கேட்டால்தான் எது பாட்டு, எது பாடகர் சேர்த்தது என்று பிரியும்.

அடுத்து கரகரப்பிரியாவில் "நவசித்தி பெற்றாலும்". சித்தி ஒன்பதும் கைவந்தாலும் சிவபக்தி இல்லாதவர்கள் வெறும் "சாவி" என்கிறார். இதைத் திறவுகோல் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. நாஞ்சில் நாட்டில் வயல் பக்கம் வளர்ந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. மணி பிடிக்காத நெல்தான் சாவி. நெல்வயல் சூழ்ந்த ஊர்க்காரர் கையில் அந்தச் சொல் எவ்வளவு இயல்பாக வந்து விழுந்திருக்கிறது பாருங்க! எனக்கு அவர் பாட்டிலேயே மிகப் பிடித்த சொல் அதுதான்.

பிறகு பூர்விகல்யாணியில் "ஆனந்த நடமாடுவார்", பௌளியில் "சம்போ மகாதேவா", கமாஸில் "ஒருநாள் ஒருபொழுது". இந்த ஐந்தும் காதில் ஊறின பிறகு மற்றதைத் தேடினால் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நவராத்திரிக்கு நம்ம பத்மநாபபுரத்து சரசுவதி அம்மன் திருவனந்தபுரம் போகிறாளே, அங்கே நவராத்திரி மண்டபத்தில் இவர் பாட்டு கேட்கலாம் என்று கிளம்பிவிடாதீங்க. அங்கே ஒன்பது நாளும் முதன்மையாகப் பாடுவது சுவாதித் திருநாள் கிருதிகள்.

இசைத்தட்டு_மேசை

இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஒரே பாட்டுதான். 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் கொள்ளும். அதனால் ஆலாபனை (சொல்லில்லாமல் ராகத்தை மட்டும் பாடுவது) ஒன்றிரண்டு வீச்சோடு முடியும், சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) குறையும், காலப்பிரமாணமும் (பாடும் வேகமும்) கொஞ்சம் ஓட்டமாக இருக்கும். கச்சேரியில் அதே பாட்டுக்கு முன்னால் ராக ஆலாபனை, நடுவில் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவல், ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரம், சில நேரம் பின்னால் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம். கடிகாரம் வைத்துப் பார்த்தால் சாகித்தியம் நடக்கும் நேரம் அரைமணியில் பாதிகூட இருக்காது. புதிதாகக் கேட்பவர் தட்டில் தொடங்குவதே நல்லது. பாட்டின் எலும்புக்கூடு அதில்தான் தெளிவாகத் தெரியும்.

ஆனால் பழைய தட்டின் சுருதியை வைத்து எதையும் முடிவு செய்யாதீங்க. கணினிக்கு மாற்றும்போது தட்டு 78-க்குப் பதில் 82 அல்லது 83 சுற்றியிருந்தால், அதாவது ஏறக்குறைய 6 சதவீதம் வேகம் கூடினால், சுருதி அரைக்கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஏறிவிடும், குரலும் இளசாகத் தெரியும். அதோடு சேர்ந்து பாட முயன்றால் தொண்டைதான் கட்டும். பதிவு வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க, அதே பாடகரின் கச்சேரிப் பதிவை எடுத்துத் தம்புராச் செயலியால் இரண்டுக்கும் ஆதார ஷட்ஜத்தைப் ('ஸ') பிடித்துப் பாருங்க. எல்லாத் தட்டும் ஒரே அளவு ஏறியிருந்தால் சந்தேகம் வலுவானது. ஆனால் வயசாக ஆக கட்டையைக் குறைத்துக்கொண்ட பாடகர்களும் உண்டு, அதனால் ஏறத்தாழ ஒரே காலத்துப் பதிவுகளை ஒப்பிடணும்.

சுசீந்திரம்_தம்புரா

மூன்றாவதுக்கு வருகிறேன். முடியும் அண்ணாச்சி. ஆனால் முகாரியில் தொடங்காதீங்க. கேட்க எளிதாக உள்ளே இறங்கும் ராகம் அது, பாடக் கையில் சிக்காது. ஏறும்போது காந்தாரம் ('க') கிடையாது, மேலே 'ப நி த ஸ' என்று வளைந்து போகணும். தைவதம் ('த') ஏறும்போது சதுச்ருதி (உயர்ந்தது), இறங்கும்போது சுத்தம் (தாழ்ந்தது). இரண்டும் பழகாத தொண்டையில் ஒன்றாகிவிடும், ராகம் அங்கேயே போய்விடும்.

உங்களுக்கு ஏற்றது பௌளி, அதாவது "சம்போ மகாதேவா". அடிப்படைப் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளையில்தான் இருக்கு, பௌளி அதிலிருந்து பிறந்த ராகம். ஏறும்போது 'ஸ ரி க ப த ஸ', இறங்கும்போது 'ஸ நி த ப க ரி ஸ'. சரளியில் சாதகம் செய்யும் அதே ஸ்வரஸ்தானங்கள், மத்தியமம் ('ம') மட்டும் இல்லை. தப்பு வருவதும் அங்கேதான். சரளியில் 'க ம ப' என்று போன பழக்கத்தால் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும்போது தெரியாமலே மத்தியமத்தைத் தொட்டுவிடுவோம். 'க ப, க ப' என்று தனியாக ஐம்பது தடவை பாடுங்க. ரிஷபமும் தைவதமும் சுத்தம், கொஞ்சம் ஏறினாலும் நிறம் மாறிவிடும்.

முதலில் கட்டை. ஆண் குரலுக்குப் பொதுவாக 1-லிருந்து 2 வரை, பெண் குரலுக்கு 5-லிருந்து 6 வரை. தம்புராச் செயலியை 1 கட்டையில், பஞ்சம சுருதியில் வைத்து, கீழே மந்தர பஞ்சமமும் (கீழ் 'ப') மேலே தார ஸ்தாயி காந்தாரமும் (மேல் 'க') கத்தாமல் வருதா பாருங்க. மேலே முட்டினால் அரைக்கட்டை குறையுங்க. செல்போன் ஒலிபெருக்கியில் கீழ் நாதம் கேட்காது, ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டு மற்ற காதால் உங்கள் குரலைக் கேளுங்க. தம்புரா உங்கள் குரலுக்குள் மறைந்தால் நீங்கள் சத்தமாகப் பாடுகிறீர்கள் என்று அர்த்தம்.

காலையில் 20 நிமிஷம் போதும். ஐந்து நிமிஷம் 'ஸ' மட்டும், பிறகு 'ஸ ப ஸ', பிறகு சரளி 14-உம் முதல் காலம் (மெதுவாக), இரண்டாம் காலம் (இரட்டை வேகத்தில்). மூன்று நான்கு மாதம் இதில் நிற்கணும். அதன்பிறகு ஆசிரியர் ஒருவரிடம் பல்லவியை எடுத்துக்கொள்ளுங்க. பதிவைக் கேட்டே பழகினால் பாடகரின் சங்கதிகளை அரைகுறையாகப் பிடித்துவிடுவோம், பிறகு திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். இரண்டாவது பாட்டாக "ஆனந்த நடமாடுவார்" எடுக்கலாம். அதன் தாளம் ரூபகம்: தட்டு, தட்டு, வீச்சு. அதில் பிரதி மத்தியமம் (உயர்ந்த 'ம') சறுக்கிக் கீழே இறங்காமல் பார்த்துக்கணும்.

கோட்டாறு_57

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. முகாரியைப் பாட முடியாவிட்டாலும் தாளமாவது போட்டுக் கேட்கலாமா? எண்ணினால் ஒவ்வொரு சுற்றிலும் பிந்திப்போகிறேன்.

சுசீந்திரம்_தம்புரா

எட்டாக எண்ணுகிறீர்கள், அதான் பிந்துது. அது மிஸ்ர சாபு தாளம், ஏழு எண்ணிக்கை, மூன்றும் நான்குமாகப் பிரியும். வாயால் 'தகிட தகதிமி' சொல்லிக்கொண்டே தொடையில் 'த' வரும் இரண்டு இடத்தில் மட்டும் தட்டுங்க. முதல் பாகம் குட்டை, இரண்டாவது கொஞ்சம் நீளம், நொண்டி நடக்கிற மாதிரி. 'திமி' முடிந்ததும் மூச்சு வாங்க நின்றால் எட்டாகிவிடும், உடனே அடுத்த 'தகிட' வரணும். பாட்டில்லாமல் பத்து நிமிஷம் இதைச் சொல்லிப் பழகிட்டு அப்புறம் பதிவை ஓட விடுங்க.