ஸ்காட்லாந்து காலப்பயணக் காதல் நாவல்கள்: கதை உங்களை எங்கே கொண்டுபோய் விட்டது?

தோழிகளே, இதற்கென்று தனியாக ஒரு பகிர்வு தொடங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஏதோ ஒரு பழைய கல்லைத் தொடுகிறாள். கண் விழித்தால் இருநூறு, முந்நூறு வருஷம் பின்னால் நிற்கிறாள். எதிரே குதிரையில் ஒரு குலத்து வீரன். அப்புறம் காதல், வாள், துரத்தல். இந்த வகை நாவல்களை நம்மில் பலர் விடிய விடியப் படித்திருக்கிறோம். 1991-ல் வந்த டயானா கேபல்டனின் 'அவுட்லேண்டர்' வழியாக உள்ளே வந்தவர்கள்தான் இங்கே அதிகம் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான்.

என்னை இழுத்தது கதாநாயகன் இல்லை. நம்ம சரித்திர நாவல்களில் ஒரு இளவரசன் சாகப் போகிறான் என்றால் அது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இங்கே நாயகிக்கே தெரியும். 1743-க்குப் போய் விழுகிற ஒருத்திக்கு 1746 ஏப்ரல் 16 என்ற தேதி மனப்பாடம். அன்றைக்குக் கலோடன் பொட்டலில் பிரிட்டிஷ் அரசுப் படையோடு நடக்கிற சண்டையில் மலைநாட்டு வீரர்கள் தோற்று, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்டே அந்த ஊர்ச் சமையலறையில் உட்கார்ந்து, அந்த ஊர் ஆட்களோடு சிரித்துப் பேசி, அவர்களில் ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள். யாரிடம் சொன்னாலும் சூனியக்காரி என்பார்கள். ஸ்காட்லாந்தில் சூனியச் சட்டம் 1736-ல்தான் ரத்தானது, ஊராரின் பயம் சட்டத்தோடு சேர்ந்து போய்விடாதே. இந்தத் தவிப்பைச் சரியாக எழுதியவர்களைத்தான் நான் திரும்பப் படிக்கிறேன். அந்தத் தேதியையே மறந்துவிட்டுக் கோட்டை, விருந்து, மழையில் நனைந்த சட்டை என்று போகிற நாவல்களைப் பாதியில் வைத்துவிடுகிறேன்.

சரி, கேள்வி இதுதான். இந்த நாவல்களைப் படித்ததால் நிஜமான ஒரு இடத்தையோ, பொருளையோ, மனிதரையோ நீங்கள் சந்தித்தது உண்டா? விரிவாகவே எழுதுங்கள்.

* * *

அக்கா, நான் அபர்டீனில் மேற்படிப்பு படிக்கிறேன். இங்கிருந்து இன்வர்னஸுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அங்கிருந்து கலோடனுக்குப் பஸ் உண்டு. போனேன்.

முதல் பார்வைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஹெதர் புதர், ஈரப் புல், காதை அறுக்கிற காற்று. ஒரு பக்கம் சிவப்புக் கொடிகள் வரிசையாக நிற்கின்றன, அது அரசுப் படை நின்ற இடம். எதிரே நீலக் கொடிகள், ஜாக்கபைட்டுகள், அதாவது ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்றப் போராடியவர்கள், நின்ற இடம். நீலத்திலிருந்து சிவப்புக்கு நடந்து பார்த்தேன். தரை முழுக்கச் சதுப்பு, ஷூ உள்ளே போகிறது. கையில் வாளோடு, பீரங்கிக் குண்டுக்கு நடுவில், முகத்தில் ஆலங்கட்டி மழை அடிக்க இதே தரையில்தான் அவர்கள் ஓடியிருக்கிறார்கள். அதுவும் முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள். அரசுப் படைத் தலைவர் கம்பர்லண்ட் பிரபுவின் பிறந்த நாளன்று எதிரி முகாம் குடித்துக் கிடக்கும் என்று நம்பி, அந்த முகாம் இருந்த நெய்ர்ன் ஊரை நோக்கி இருட்டில் நடந்து, விடிவதற்குள் போய்ச் சேர முடியாமல் பசியோடு திரும்பி வந்தவர்கள். இரண்டு பக்கத் தலைவர்களுக்கும், கம்பர்லண்டுக்கும் சரி, சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டுக்கும் சரி, அப்போது வயது 25. என் வகுப்பில் இருக்கிற பையன்களின் வயது.

ஜாக்கபைட் பக்கம் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 1,500 முதல் 2,000 பேர் வரை இருக்கும் என்கிறார்கள். அரசுப் படையில் களத்தில் செத்தவர்கள் சுமார் 50 பேர். நாவலில் படிக்கும்போது இந்தக் கணக்கு ஒரு வரியாகக் கடந்து போய்விடும். அங்கே புல் மூடிய நீளமான மேடுகளாகக் கண் முன்னால் கிடக்கிறது. குலத்தின் பெயர் பொறித்த கற்களை 1881-ல்தான் நட்டிருக்கிறார்கள். சில கற்களில் ஒரு குலத்தின் பெயர்கூட இல்லை, 'பல குலத்தவர்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

ஃப்ரேசர் கல்லுக்கு முன்னால் மட்டும் கூட்டம். பூங்கொத்து, கையால் எழுதிய சீட்டு எல்லாம் இருந்தது. ஏன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், 'அவுட்லேண்டர்' நாயகன் ஃப்ரேசர் குலம். புல் மிதிபட்டு மண் தெரிந்தது. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கதையில் மட்டும் வாழ்ந்த ஒருவனுக்கு நிஜமான பிணங்களின் மேல் பூ வைப்பது சரிதானா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அங்கே வழிகாட்டியாக இருந்த ஒரு பெரியவரிடம் வாய்விட்டே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பதிலாக நிஜ ஃப்ரேசர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். இன்வரலக்கி என்ற ஊர்க்காரர் சார்லஸ் ஃப்ரேசர், ஃப்ரேசர் குலப் படைப்பிரிவை நடத்தியவர், வயது இருபது வாக்கில். அடிபட்டுக் கிடந்தவரை, சண்டை முடிந்த பிறகு சுட்டுக் கொன்றார்கள் என்று சொல்லப்படுகிறது. அதைச் செய்ய ஒரு இளம் அதிகாரி மறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. பூ வைக்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வாராம். நான் வாங்கிப் போன சின்னப் பூங்கொத்தைப் 'பல குலத்தவர்' கல்லடியில் வைத்தேன்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் கிளாவா கற்குவியல்கள். மூன்று கல்லறை மேடுகள், சுற்றிலும் நெட்டுக்குத்தாக நிற்கிற கற்கள், சுமார் 4,000 வருஷப் பழசு. நடுவில் பிளந்த ஒரு கல்லைத் தொட்டுப் பார்க்க வரிசை கட்டி நிற்கிறார்கள். தொட்டவர்கள் பக்கத்தில் இருக்கிற நுழைபாதையையும் கொஞ்சம் கவனிக்கலாம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலன்று அஸ்தமன வெயில் நேராக உள்ளே போய் விழும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். காலத்தை அளந்து கட்டிய இடம் அது. நாவலாசிரியர்களுக்கு இந்த மாதிரி கல் வட்டங்கள் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

* * *

நான் கிளாஸ்கோவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இந்த நாவல்களில் நாயகி முக்கால்வாசி நர்ஸாகவோ டாக்டராகவோ இருப்பாள். காரணம் புரிகிறது. பழைய காலத்தில் போய் விழுந்தவளுக்குக் கையில் ஒரு தொழில் இருந்தால்தான் கதை நகரும்.

நான் காயத்துக்குக் கட்டுப் போடுகிற காட்சிகளை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படிப்பேன். நாயகி கையைக் கழுவுகிறாளா, துணியைக் கொதிக்க வைக்கிறாளா என்று பார்ப்பேன். ஏனென்றால் எங்கள் ஊர் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில்தான் 1865-ல் ஜோசஃப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டி ஏறியதில் கால் எலும்பு முறிந்து தோலுக்கு வெளியே தெரிந்த 11 வயதுப் பையன் ஒருவனுக்குக் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். அதற்கு முன்னால் அந்த மாதிரிக் காயத்துக்குப் பெரும்பாலும் காலை வெட்டுவார்கள், இல்லையென்றால் சீழ் பிடித்துச் சாவு. பையன் இரண்டு காலோடு பிழைத்தான். மயக்க மருந்தாகக் குளோரோஃபார்மை எடின்பரோவில் சிம்ப்சன் பயன்படுத்தத் தொடங்கியதே 1847-ல்தான். அப்படியானால் 1743-ல் நிற்கிற ஒரு நர்ஸுக்குத் தெரிந்தது, ஊரில் வேறு யாருக்குமே தெரியாத விஷயம். குண்டு துளைத்த தோளைத் தைக்கும்போது வலியில் கத்துகிறவனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், குடிக்க விஸ்கி வேண்டும், அவ்வளவுதான் இருக்கும். நல்ல எழுத்தாளர்கள் அந்தக் கத்தலை எழுதுகிறார்கள். மோசமானவர்கள் மூன்றாம் நாளே அவனைக் குதிரை ஏற்றிவிடுகிறார்கள். புண் வாடை தெரிந்தவளுக்கு அது பொறுக்காது.

* * *

பகிர்வு தொடங்கியவள்தான் மறுபடியும் எழுதுகிறேன். எனக்கு அட்டைப் படங்கள் மேல் ஒரு நிஜமான வருத்தம் உண்டு. கதை 1300-களில் நடக்கும். அட்டையில் நாயகன் மடிப்பு வைத்துத் தைத்த கில்ட்டும் (பாவாடை மாதிரி ஆண்கள் உடை), குலத்துக்கென்று தனிக் கட்டமும் போட்டு நிற்பான். ஒரு குலத்துக்கு ஒரு டார்ட்டன், அதாவது கட்டம் போட்ட துணி, என்ற ஏற்பாடு பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டு விஷயம். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய விழாதான் அதைப் பெரிய மோஸ்தர் ஆக்கியது. மலைநாட்டின் கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கில் சதுப்பு மண்ணுக்குள் கிடைத்த ஒரு கட்டத் துணி 1500-க்கும் 1600-க்கும் நடுவில் நெய்ததாக இருக்கலாம் என்று கண்டுபிடித்து, 2023-ல் டண்டீயில் காட்சிக்கு வைத்தார்கள். படத்தில்தான் பார்த்தேன். கிழிந்த, மங்கிப்போன, பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு துண்டு. எந்த அட்டைப் படத்தையும்விட அந்தத் துண்டு எனக்குப் பிடித்திருந்தது. கலோடனுக்குப் பிறகு 1747 ஆகஸ்டிலிருந்து 1782 வரைக்கும் ஹைலண்ட் (மலைநாட்டு) ஆண்கள் தங்கள் மலைநாட்டு உடையைப் போடவே சட்டப்படி தடை, ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. சண்டைக் காட்சியில் நாயகன் உடையைப் போட்டி போட்டு வர்ணிக்கிறவர்கள் இந்த 35 வருஷத்தைத் தொட்டாவது எழுதலாம்.

* * *

அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு போனால் நம்ம ஊருக்கே வந்துவிடலாம், அக்கா. எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம்.

கலோடனுக்குப் பிறகு அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆனது என்று நாவலில் சரியாகச் சொல்லவில்லையே என்று தேடப் போய் ஒருவரைக் கண்டுபிடித்தேன். கிரோமார்ட்டி பிரபுவின் மகன் ஜான் மெக்கென்சி, மேக்லியோட் பிரபு என்பார்கள். ஜாக்கபைட் பக்கம் அப்பாவோடு சேர்ந்து போனவர், கலோடனுக்கு முந்தின நாள் டன்ராபின் கோட்டையில் அப்பாவோடு பிடிபட்டார். அப்போது இன்னும் இருபது வயது ஆகவில்லை. அப்பாவுக்கு மரண தண்டனை விதித்து அப்புறம் உயிரை மட்டும் விட்டார்கள், நிலமெல்லாம் போனது. மகன் மன்னிப்புப் பெற்று ஸ்வீடன் ராணுவத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து 1777-ல் தன்னை எதிரியாக நடத்திய அதே அரசுக்காக ஒரு ஹைலண்ட் படைப்பிரிவைத் திரட்டினார். அந்தப் படை 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியது. அதே செப்டம்பர் 10-ம் தேதி புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து அழித்தார்களே, அந்தப் படையில் மேக்லியோடின் ஆட்களில் இரண்டு பிரிவினரும் இருந்தார்கள். பிடிபட்டவர்களில் சிலர் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் வருஷக்கணக்காகக் கிடந்தார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து புள்ளலூருக்கு டவுன் பஸ் போகிறது. சின்ன வயதிலிருந்து பார்த்த வயல்கள்தான். கலோடன் தோல்விக்குப் பிறகு பிழைப்புக்காகப் படையில் சேர்ந்த மலைநாட்டுப் பையன்கள் அங்கே வந்து செத்திருக்கிறார்கள் என்பதை ஒரு காதல் நாவலைக் கையில் எடுத்ததால்தான் தெரிந்துகொண்டேன். மேக்லியோடை வைத்து, காலப்பயணத்தோடோ இல்லாமலோ, யாராவது நாவல் எழுதியிருந்தால் பெயரைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, தேடி வாங்கிவிடுவேன்.