ஏ9 வீதியில் கட்டண லேன் போட்டால் நெரிசல் குறையுமோ?

கனகராயன்குளத்தான்:

வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ9 ஐ அகலப்படுத்தி, பக்கத்துக்கு ஒரு லேனைக் காசு கட்டி ஓடுற லேனாக விடவேணும் எண்டு ஒரு பேச்சு அடிக்கடி வருகுது. கதைக்கிற எல்லாரும் ரொறன்ரோ 407 ஐத்தான் காட்டுறினம். காசு கட்டுறவன் கெதியாய்ப் போவான், மற்ற லேனிலும் வாகனம் குறையும், அரசாங்கத்துக்குச் செலவும் இல்லையாம். அரசியலை விடுங்கோ. கட்டணம் எப்பிடி ஒரு லேனை நிக்காமல் ஓட வைக்குது? பக்கத்தில் இருக்கிற இலவச லேனுக்கு உண்மையில் என்ன நடக்குது? எங்கட றோட்டில் போடுறதெண்டால் என்னென்ன வேணும்? வேலை தெரிஞ்ச ஆக்கள் விபரமாய் எழுதுங்கோ.

வீதிக்கணக்கு:

முதலில் 407 ஐ இந்தக் கதையில் இருந்து தூக்கி வெளியில் வையுங்கோ. அது கட்டண லேன் இல்லை. 401 எண்ட இலவச நெடுஞ்சாலைக்கு வடக்கால் தனியாய்ப் போற முழுக் கட்டண றோட்டு. 1997 இல் திறந்து, 1999 இல் 99 வருடக் குத்தகைக்கு ஏறக்குறைய 310 கோடி கனேடிய டொலருக்குக் குடுத்தது. விலை கூட்டுற பிடி அதோட குத்தகைக்காரர் கைக்குப் போட்டுது.

நீங்கள் கேக்கிறதுக்குச் சரியான உதாரணம் கலிபோர்னியாவின் 91, சியாற்றில் பக்கத்து 405. இரண்டும் வேலைக்குப் போய்வாற சனத்தால் நிரம்பின பழைய நெடுஞ்சாலை, நடுவில் கட்டண லேன்.

ஒரு லேனில் மணிக்கு ஏறக்குறைய 2000 கார் ஓடலாம். அந்த விளிம்பில் ஆரோ ஒராள் பிறேக்கைத் தொட்டால் பின்னால் வாறவன் இன்னும் கொஞ்சம் அழுத்துவான், அவனுக்குப் பின்னால் வாறவன் நிப்பாட்டுவான். வேகம் விழுந்தாப் பிறகு அதே லேன் 2000 ஐயும் கடத்தாது, பத்து வீதம் அளவில் குறையும். அதாவது ஆகலும் கூடத் தேவைப்படுற நேரத்தில்தான் றோட்டு ஆகலும் குறையக் கடத்துது. கட்டணம் செய்யிற வேலை, அந்த விளிம்புக்கு வர முதல், 1600, 1700 அளவில் வாசலை இறுக்கிறது.

405 இல் லேனில் இருக்கிற உணரிகள் வேகத்தையும் எண்ணிக்கையையும் எடுக்கும், ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கா விலை மாறலாம். நுழையேக்க பலகையில் கண்ட விலைதான் உங்களுக்கு, உள்ளுக்குப் போனாப் பிறகு ஏறாது. கார்க் கண்ணாடியில் ஒட்டின மின்னணு அட்டை இருந்தால் உங்கட கணக்கில் கழியும். இல்லாட்டி கமரா இலக்கத்தகட்டைப் படம் எடுத்து வீட்டுக்குப் பில் அனுப்பும், அதுக்கு 2 டொலர் கூட. இலக்கு: உச்ச நேரத்தின் 90 வீதத்திலும் வேகம் மணிக்கு 45 மைலுக்கு, எங்கட கணக்கில் 72 கிலோமீற்றருக்கு, குறையக் கூடாது.

பிழைச்ச இடங்களையும் பாருங்கோ. 405 இல் 2015 செப்ரெம்பரில் தொடங்கேக்க விலை 75 சதத்தில் இருந்து 10 டொலர் வரைக்கும். தெற்குப் பாதியில் பக்கத்துக்கு இரண்டு கட்டண லேன், வடக்குப் பாதியில் ஒண்டு. இரண்டு ஒண்டாகிற இடத்தில் குப்பிக் கழுத்து மாதிரி இறுகிச்சுது. விலை 10 ஐத் தொட்டும் வரிசை நிண்டுது. உச்ச வரம்பைத் தொட்ட விலைக்கு ஆளைத் தடுக்கிற சக்தி இல்லை. பிறகு 2017 இல் வடக்குப் பக்கம் ஓரத் தளத்தையே உச்ச நேர லேனாகத் திறந்தினம், 2024 இல் வரம்பை 15 டொலர் ஆக்கினம். இன்னொண்டு, முந்தி இரண்டு பேர் ஏறின காருக்கு இலவசமாய் இருந்த லேன் அது. உச்ச நேரத்தில் மூண்டு பேர் எண்டு மாத்தினதும் அந்த இரண்டு பேர்க் கார்களில் ஒரு பங்கு இலவச லேனுக்குள் வந்து விழுந்துது. சனம் கத்தினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

91 இன் பாடம் ஒப்பந்தத்தில். 1995 டிசெம்பரில் தனியார் போட்ட லேன். பக்கத்து இலவச லேனை மாநிலம் அகலப்படுத்தக் கூடாது எண்டு ஒரு வாசகம் உள்ளே இருந்துது. கடைசியில் 2003 இல் அந்த மாவட்டப் போக்குவரத்து அதிகாரசபை 20 கோடி டொலருக்கு மேல் குடுத்து வாங்கித்தான் அதில் இருந்து வெளியில் வரேலுமாச்சுது. "அரசாங்கத்துக்குச் செலவு இல்லை" எண்டு சொல்லுற ஆளிட்ட முதல் கேக்க வேண்டியது இந்த வாசகம் இருக்கோ எண்டுதான்.

இலவச லேன்? முதல் சில மாதம் இளகும். பிறகு நேரம் மாத்திப் போன ஆக்கள், வேற றோட்டால் போன ஆக்கள் திரும்பி வந்து நிரப்புவினம். அமெரிக்காவின் கூஸ்டன் நகரத்தில் கேற்றி நெடுஞ்சாலையை நடுவில் கட்டண லேனோட 2008 இல் பெருப்பிச்சு முடிச்சினம். சில வருடத்திலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டுது.

பரந்தன்சந்தி:

மேல எழுதினது எல்லாம் சரி. ஆனால் ஏ9 இல் அந்தக் கேள்வியே எழும்பாது.

கட்டண லேனுக்கு அடிப்படை, உள்ளே வாற இடத்தையும் வெளியே போற இடத்தையும் அடைச்சு வைக்கிறது. ஏ9 இல் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எண்டு ஊர் ஊராய் வீட்டுப் படலை, வயல் பாதை, குளக்கட்டுப் பாதை எல்லாம் நேரே றோட்டில் ஏறுது. நடு லேனை பிளாஸ்ரிக் கம்பு வைச்சு அடைச்சால் வலப்பக்க ஒழுங்கைக்குத் திரும்புறவன் எங்க திரும்புவான்? முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிண்டு தேங்காய் உடைக்காமல் கடக்கிற லேனுக்கு ஆர் காசு கட்டுவினம் எண்டும் ஒருக்கா யோசியுங்கோ.

இரண்டாவது, எங்கட பிரச்சினை எண்ணிக்கை இல்லை, வேக வித்தியாசம். இரண்டு லேன் றோட்டில் ஒரு திசைக்கு மணிக்கு 1700 கார் அளவு போகலாம் எண்டு கைநூல்கள் சொல்லும். ஊருக்கு வெளியில் ஏ9 அதுக்குக் கிட்டவும் நிக்காது. லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) மணிக்கு 15 கிலோமீற்றரில் போகுது, மணல் ரிப்பர் 50 இல், ஹையேஸ் வான் 90 இல். முன்னுக்கு ஒரு லாண்ட்மாஸ்ரர் நிண்டால் பின்னுக்கு இருபது வாகனம் வரிசையாய்ச் சேரும். பிறகு பொறுமை இழந்தவன் எதிர்ப்பக்கம் இறங்குவான். எங்கட நேருக்கு நேர் மோதல்களுக்கு மூலம் இதுதான்.

இதுக்கு மருந்து முந்திச் செல்லும் லேன். எட்டுப் பத்துக் கிலோமீற்றருக்கு ஒருக்கா, ஒன்று முதல் இரண்டு கிலோமீற்றர் நீளம், 3.5 மீற்றர் அகலம், இரண்டு திசைக்கும் மாறி மாறி. 500 மீற்றரில் முடிச்சால் முன்னுக்கு நிக்கிற இரண்டு பேர்தான் முந்துவினம், மிச்சப்பேர் முடிவில் முட்டிக்கொள்ளுவினம். முடிவை மதகுக்கு முன்னாலோ வளைவிலோ சந்தியிலோ வைக்கக் கூடாது. முந்துறவன் திரும்பச் சேர வெறும் இடம் வேணும். சுவீடனில் 1998 இல் தொடங்கின மூண்டு லேன் றோட்டும் இதே யோசனைதான், 13 மீற்றர் அகலத்தில் நடுவில் கம்பி வடம். அந்த வடத்தை இங்க அப்பிடியே கொண்டுவரேலாது. இரவில் மாடு றோட்டில் படுக்கிற ஊர் இது.

அதோட ஓரத்தில் இரண்டு மீற்றருக்குத் தார் போட்ட தோள், அதாவது லேனுக்கு வெளியால் இருக்கிற ஓரத் தளம். இப்ப பல இடத்தில் கிரவல்தான். மாரியில் அது கழுவுப்பட்டுத் தார் விளிம்பு ஒரு சாண் பள்ளமாகும், சைக்கிள்காரன் இறங்கினால் ஏறமாட்டான், அதால லேனுக்குள்ளயே ஓடுவான். தோள் போட்டால் பெப்ரவரி, மார்ச்சில் நெல்லுக் காயப்போட்டு நிரப்புவினம் எண்டதும் உண்மை. அதுக்கு நெல் உலர்த்துற தளம் வேற கட்டவேணும், சும்மா தண்டம் எழுதி முடியாது.

கனகராயன்குளத்தான்:

விளங்குது. அப்ப தெற்கில் மாதிரித் தனி அதிவேக நெடுஞ்சாலை போட்டுக் காசு வாங்கினால்?

குளக்கட்டு:

அது வேற கணக்கு. 2011 இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையில் நுழையேக்க சீட்டு, வெளியே வரேக்க காசு. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் உள்ளே விடாது. வன்னியில் றோட்டில் ஓடுறதில் பெரும்பங்கு இதுகள்தான். ஆக ஏ9 இல் இப்ப இருக்கிற இழுபறி அப்பிடியே நிக்கும், கொழும்பு போற பஸ்ஸும் வானும் மட்டும் விலகும்.

ஆள் இருந்து காசு வாங்குற கூடு மணிக்கு 300, 400 வாகனம்தான் கடத்தும். நிரம்பின ஒரு லேனைக் கடத்த ஐஞ்சாறு கூடு வேணும். கமரா வைச்சுப் பில் அனுப்பலாம் எண்டு சொல்லுற ஆக்களுக்கு: பெயர் மாத்தாமல் ஓப்பின் பேப்பரில் கைமாறின வாகனம் எத்தனை? பில் முந்தின உரிமையாளரிட்டத்தான் போய் நிக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவு சரிவராமல் கமராக் கட்டணம் சரிவராது.

மண் அணை போட்டு றோட்டைத் தூக்கினால் குளத்து நீர் போற வழி எல்லாம் குறுக்கறுபடும். மேற்குளம் நிரம்பி வான் பாயிற தண்ணி கீழ்க்குளத்துக்குப் போற ஒவ்வொரு வாய்க்காலுக்கும் மதகு, அதுவும் மாரி வெள்ளத்தைக் கணக்குப் பண்ணின அகலத்தில் வேணும். சின்னக் குழாய் வைச்சால் ஒரு பக்க வயல் அழுகும், மற்றப் பக்கம் காயும். வயலுக்குப் போற கீழ்ப்பாதை வெட்டு மெசின் ஏத்தின லொறி போற உயரத்துக்கு வேணும். யானைக்கு வழி இன்னும் பெரிசு. இந்தச் செலவை எல்லாம் சேர்த்துக் கட்டணம் போட்டால் ஆர் ஓடுவினம் எண்டு சொல்லுங்கோ.

வீதிக்கணக்கு:

வவுனியா நகரத்தைப் பற்றி ஒண்டு. நெரிசல் உண்மையாய் இருக்கிற இடம் நகரங்களுக்குள்தான், அங்க லேன் எண்ணிக்கை முடிவு செய்யாது, சந்திதான் முடிவு செய்யும். 90 செக்கன் சுற்றில் உங்கட பக்கத்துக்கு 30 செக்கன் பச்சை எண்டால் ஒரு லேன் மணிக்கு 600 அளவுதான் கடத்தும் (1800 இல் மூண்டில் ஒண்டு). சந்திக்கு வெளியில் எத்தனை லேன் போட்டாலும் அந்த 600 மாறாது. வலத்துக்குத் திரும்புறவனுக்குத் தனி ஒதுக்கு, சந்தியில் இருந்து பஸ் தரிப்பை 50, 60 மீற்றர் தள்ளுறது, கடை முன்னுக்கு நிப்பாட்டுறதைப் பள்ளிக்கூட நேரத்தில் தடுக்கிறது, இவ்வளவும் செய்தாப் பிறகு அகலப்படுத்துறதைக் கதைக்கலாம்.

கோரிக்கை குடுக்கிறதெண்டால் எண்ணிக்கையோட குடுங்கோ. வேலைநாள் காலை 6.30 இல் இருந்து 8.30 வரை, 15 நிமிசத்துக்கு ஒரு வரி. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, கார் வான், பஸ், லொறி ரிப்பர், உழவு இயந்திரம் வேற வேறயாய், நேரே, இடம், வலம் எண்டு பிரிச்சு. சந்தியில் வந்து சேருற ஒரு வீதிக்கு ஒரு ஆள் எண்டால் நாலு வீதிச் சந்திக்கு நாலு பேர். மழை நாளையும் திருவிழா நாளையும் தவிருங்கோ. ஏ தரத்து வீதி மாகாண சபைக்குக் கீழ் வராது, அதால கடிதம் போக வேண்டியது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளருக்கு. பிரதியை பிரதேச செயலகத்துக்குப் போடுங்கோ.