டின் வாய் விளிம்பு கிழிகிறது, வழி சொல்லுங்கள்

காரைக்குடியில் சீப்புச் சீடை, மணகோலம் போட்டுத் தகர டின்னில் வெளியூருக்கு அனுப்புகிறோம். இங்கே ஒரு பட்டறையில்தான் தகட்டை உருட்டி, வெல்டிங் வைத்து, வாயை வெளிப்பக்கம் விரித்துத் தருகிறார்கள். விரிக்கும்போது சரியாக வெல்டிங் கோட்டின் மேல் மட்டும் மெல்லிசாக ஒரு கிழிசல். மூடி போடும் மெஷினில் முதல் ரோலர் மூடி ஓரத்தை டின் விளிம்புக்கு அடியில் சுருட்டும்போதே அது பெரிதாகி, இரண்டாவது ரோலர் நசுக்கிய பிறகும் அந்த ஒரு இடத்தில் காற்று போகிறது. நமத்த சீடையை யார் வாங்குவார்கள்?

இப்போது பிரஸ்ஸில் அச்சு வைத்து ஒரே அழுத்தாக விரிக்கிறார்கள். சுழலும் ரோலரில் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தால் கிழியாதா? அப்புறம், தகட்டின் உருட்டுத் திசை (ஆலையில் தகட்டை உருளைகளுக்கு நடுவே விட்டு இழுத்த திசை) டின்னைச் சுற்றி வரும்படி வெட்டினால் பலன் இருக்குமா? அச்சின் வளைவு எவ்வளவு வைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். புது மெஷின் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள் அண்ணே, கையில் காசில்லை.