மறுமொழி: வட்டு விலகலில் “குறைப்பு” வேண்டுமா?

> டிஸ்க் டிஸ்பிளேஸ்மென்ட் வித் ரிடக்‌ஷன் – “குறைப்புடன் கூடிய வட்டு இடப்பெயர்ச்சி” எனலாமா?

வணக்கம் ஐயா,

தாடை மூட்டில் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்குக்கு வட்டு என்பது சரி. ரிடக்‌ஷனுக்குக் குறைப்பு வேண்டாம், இங்கே எதுவும் குறைவதில்லை. கழன்ற தோள்மூட்டை இழுத்து இடத்தில் சேர்ப்பதும் ரிடக்‌ஷன்தான், அதே பொருள்தான் இங்கும்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து பாருங்கள். முதலில் தாடைக் குமிழ், அதாவது கீழ்த்தாடை எலும்பின் உருண்ட மேல்முனை, வட்டுக்கு அடியில் சுழலும். இன்னும் திறந்தால் குமிழும் வட்டும் சேர்ந்து பொட்டெலும்பின் மேட்டில் முன்னால் சறுக்கும். இரண்டும் நடந்தால்தான் 40, 50 மில்லிமீட்டர் வரை வாய் திறக்கும். வட்டு முன்பக்கம் விலகிக் கிடந்தால், குமிழ் அதன் பின்விளிம்பைத் தாண்டி ஏறும்போது ‘டிக்’ என்று சத்தம். ஏறியதும் வட்டு பழையபடி குமிழின் மேல். மூடும்போது மறுபடி விலகும், பலருக்கு அப்போதும் சின்னதாக ஒரு சத்தம்.

வட்டு இப்படிக் குமிழின் மேல் திரும்பாத வகையில் அந்த ‘டிக்’ சத்தம் பெரும்பாலும் இராது. குன்னூரில் என்னிடம் வந்த தேயிலை பறிக்கும் அம்மா ஒருவர், “சத்தம் நின்னுடுச்சு டாக்டர், ஆனா வர்க்கியக் கடிக்க வாய் திறக்க மாட்டேங்குது” என்றார். திறக்கச் சொன்னால் இரண்டு விரல்கூட நுழையவில்லை, தாடை வலது பக்கம் கோணியது. வலி இருந்ததும் வலதுதான். சத்தம் நின்றால் குணம் என்று மாணவர்களும் நினைத்துவிடுகிறார்கள். சொல்லிலேயே இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

என் பரிந்துரை: மீளும் வட்டு விலகல், மீளா வட்டு விலகல்.

– குன்னூர் பல் மருத்துவர்

---

டாக்டர், வணக்கம்.

“மீளா” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், இங்கே கொடைக்கானலில் நோயாளி ‘இனிமே சரியாகாதா?’ என்றுதான் கேட்பார். பெரும்பாலானவர்களுக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி என்றே வலி தணிகிறது. மீள்வது வட்டு, நோய் அல்ல. ஆகவே “வட்டு மீளும் விலகல்”, “வட்டு மீளா விலகல்” என்று மாற்றிப் போடலாமே?

அப்புறம், கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் வருபவருக்கும் தாடை விலகல் என்றே எழுதுகிறோம். அங்கே குமிழே மேட்டைத் தாண்டி நிற்கிறது. மக்கள் ‘தாடை கழண்டுடுச்சு’ என்கிறார்கள். அதைத் தாடைக் கழல்வு என்று பிரித்துவிட்டால், விலகல் வட்டுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

– கொடைக்கானல், இயன்முறை மருத்துவர்

---

வட்டு மீளா விலகல், தாடைக் கழல்வு இரண்டும் எனக்குச் சம்மதம். கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுங்கள் அம்மா.

– குன்னூர் பல் மருத்துவர்